ஈ.எஸ்.ஆர். 42 என்றால் இரத்தம் கெட்டது என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு இருந்து வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டு கொமன்ட் போட வேண்டாம்.

நம் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. வெண்புள்ளி உள்ளவர்களின் இரத்தத்தில் "அழற்சி" இருப்பதை வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆகவே இரத்தத்தைச் சுத்தம் செய்தால் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிடுமாம். கீழே ஒரு தொலைபேசி இலக்கம், மூன்று மாத மருந்துக்கு ஒரு விலை. எருக்கலம்பிட்டியிலிருந்து ஒருவர், தாராபுரத்திலிருந்து ஒருவர், சிலாவத்துறையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் என்று மூன்று பேர் எனக்கு அதை அனுப்பி, "சேர், இது உண்மையா?" என்று கேட்டுவிட்டார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், டொக்டர் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். முதல் பாதி அரைகுறை உண்மை. இரண்டாம் பாதி வியாபாரம்.

அந்தச் செய்தி வெறும் மருந்து வியாபாரத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது ஒரு வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குள் புகுந்துவிட்டது. ஊர் பெயர் வேண்டாம். அந்த உம்மாவிடம் கேட்டு, அவ சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பிள்ளைக்கு வயது 24. இரண்டு கைகளிலும் உதட்டு ஓரத்திலும் வெள்ளை விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள், பேசினார்கள், பிள்ளையைப் பிடித்துப் போனது. கைகளில் இருப்பதை யாரும் மறைக்கவில்லை, அவர்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் அந்த வட்ஸ்அப் செய்தியைக் காட்டி, "எதுக்கும் ரத்த ரிப்போர்ட் ஒண்டு கேளுங்க" என்று சொல்லிவிட்டார். லேபில் எடுத்தார்கள். ஈ.எஸ்.ஆர். 42. பக்கத்தில் கூடுதல் என்று ஓர் அடையாளம். அவ்வளவுதான், பேச்சு நின்றது. "பிள்ளைட ரத்தம் கெட்டுப் போயிருக்கு" என்பது ஊர் முழுக்கச் சுற்றி வந்தது.

அந்தத் தாளை நான் வாங்கிப் பார்த்தேன். அதே தாளில், ஈ.எஸ்.ஆருக்கு நாலு வரி மேலே, ஹீமோகுளோபின் 8.9 என்று இருக்கிறது. ஒரு வளர்ந்த பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஈ.எஸ்.ஆர். என்பது என்ன? இரத்தத்தை உறையாமல் வைத்து, ஒரு மெல்லிய குழாயில் நிமிர்த்தி நிறுத்தி, ஒரு மணித்தியாலத்தில் செங்குழியங்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. நூறு வருடத்துக்கு மேல் பழைய முறை. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் இரத்தத்தில் சில புரதங்கள் கூடும். அவை செங்குழியங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டியவை பாரமாகி வேகமாக இறங்கும். எண் கூடும். ஆனால் எண் கூடுவதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று இல்லை. இரத்தச்சோகை இருந்தாலும் கூடும், ஏனென்றால் செங்குழியம் குறைவாக உள்ள இரத்தத்தில் அவை ஒன்றையொன்று தடுக்காமல் சீக்கிரம் கீழே போய்விடும். கர்ப்பமாக இருந்தால் கூடும். வயது போகப் போகக் கூடும். பெண்களுக்கு ஆண்களைவிட இயல்பாகவே கொஞ்சம் கூட. சளி, காய்ச்சல், சிறுநீர்க் கிருமி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் கூடும். இந்த எண்ணைப் பார்த்து ஒரு டொக்டர் "ஏதோ இருக்கலாம், தேடிப் பார்ப்போம்" என்பார். அதற்கு மேல் அது பேசாது.

8.9 எப்படி வந்தது என்று கேட்டேன். இதைத்தான் எல்லாரும் கவனமாக வாசிக்க வேண்டும். பிள்ளைக்கு 12 வயதில் முதல் வெள்ளை விழுந்தது. அன்றிலிருந்து பத்தியம். மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி பெருநாளைக்கு மட்டும் ஒரு துண்டு. புளி, தேசிக்காய், மாங்காய் எதுவும் இல்லை, புளிப்புச் சாப்பிட்டால் வெள்ளை பரவுமாம். சோறு, பருப்பு, பிறகு சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீ. பன்னிரண்டு வருடம். மீனும் இறைச்சியும் முட்டையும் போனால் நல்ல இரும்புச்சத்தும் பி12 விற்றமினும் சேர்ந்து போகும். தேசிக்காயும் மாங்காயும் போனால், பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் விற்றமின் சி போகும். மிச்சம் இருந்ததையும் சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை மறித்துவிடும். மாதாமாதம் போகிற இரத்தம் வேறு. இந்தக் கணக்கில் ஹீமோகுளோபின் 8.9 வராமல் என்ன வரும்?

ஆக, வெண்புள்ளிக்கு மருந்து என்று சொல்லி நாங்கள் கொடுத்த பத்தியம் இரத்தச்சோகையைக் கொண்டுவந்தது. இரத்தச்சோகை ஈ.எஸ்.ஆரை ஏற்றியது. ஏறிய எண்ணைக் காட்டி, வெண்புள்ளியால் இரத்தம் கெட்டுப்போனது என்றோம். வட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

மன்னார்த் தீவில் இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்கு மீன் கொடுக்காமல் வளர்ப்பதென்றால் அது எவ்வளவு பெரிய தண்டனை! பேசாலைக் கரையில் வலை இறங்குகிற நேரம் சாளையும் கீரியும் எந்த விலைக்குப் போகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும், ஏழை வீட்டுக்கும் கிடைக்கிற ஒரே நல்ல புரதம் அதுதான். மீன் சாப்பிட்டுப் பால் குடித்தால் வெள்ளை விழும் என்பது நம் ஊர் மட்டும் சொல்கிற கதை இல்லை. இந்தியா முழுக்க, பாகிஸ்தானில், அரபு நாடுகளில்கூட இருக்கிறது. உண்மை என்றால் இந்தக் கரையில் பகல் மீன்கறி சாப்பிட்டுப் பின்னேரம் பால் தேத்தண்ணி குடித்த அத்தனை பேருக்கும் வெள்ளை விழுந்திருக்க வேண்டாமா? உலகம் முழுவதும் நூறு பேரில் அரைப் பேருக்கும் இரண்டு பேருக்கும் இடையில்தான் வெண்புள்ளி வருகிறது. மீனே காணாத மலைநாட்டிலும் வருகிறது. நம் மாவட்டத்தில் ஒரு இலட்சம் பேர் என்று வைத்தால்கூட ஐந்நூறு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் கண்ணில் அத்தனை பேர் படாததற்குக் காரணம் நீண்ட கைச்சட்டையும், வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதும்தான்.

இனி அந்த "வெளிநாட்டு ஆய்வு" விசயத்துக்கு வருகிறேன். அப்படி ஆய்வுகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. துருக்கி, எகிப்து, இந்தியா, சீனா என்று பல இடங்களில் செய்திருக்கிறார்கள். வெண்புள்ளி உள்ள ஒரு குழு, இல்லாத ஒரு குழு, இரண்டு பக்கமும் இரத்தம் எடுத்து சி.ஆர்.பி. பார்க்கிறார்கள். வெண்குழியங்களில் நடுநிலைநாடிக்கும் நிணநீர்க் குழியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். குருதிச் சிறுதட்டுகளின் கணக்கையும் சேர்க்கிறார்கள். டெங்குக் காலத்தில் எஃப்.பி.சி. ரிப்போர்ட்டைத் தலைகீழாக வாசிக்கப் பழகிய ஊர் நாங்கள். சிறுதட்டு 80 ஆயிரத்துக்கு இறங்கினால் எந்த வீட்டில் பப்பாசி இலை தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதே தாள்தான். நடுநிலைநாடி 60, நிணநீர்க் குழியம் 30 என்றால் விகிதம் 2. அவ்வளவு எளிய கணக்கு, தனிச் செலவு இல்லை, அதனால்தான் ஆய்வாளர்கள் அதில் ஆர்வமாக இருக்கிறார்கள்.

என்ன கண்டார்கள்? சில ஆய்வுகளில் வெண்புள்ளிக் குழுவின் சராசரி கொஞ்சம் கூட. வேறு சில ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை. கூடியிருந்த இடத்திலும் பெரும்பாலும் கொஞ்சம்தான். அந்தக் "கொஞ்சம் கூட" என்பதை வகுப்பறையில் வைத்து விளங்கப்படுத்துகிறேன். தரம் 10 ஏ வகுப்பின் கணித சராசரி 54, பி வகுப்பின் சராசரி 58 என்று வையுங்கள். பி வகுப்பு கொஞ்சம் கெட்டிக்கார வகுப்பு என்று அதிபர் சொல்லலாம், தப்பில்லை. இப்போது 56 எடுத்த ஒரு விடைத்தாளைப் பெயர் மறைத்து என்னிடம் தந்து, இது எந்த வகுப்புப் பிள்ளை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஏ வகுப்பிலும் 90 எடுத்தவன் இருக்கிறான், பி வகுப்பிலும் 20 எடுத்தவன் இருக்கிறான். குழுவின் சராசரி ஒரு தனிப்பிள்ளையின் தாளைப் பற்றி எதையும் சொல்லாது. வெண்புள்ளி உள்ள உங்கள் மகளின் சி.ஆர்.பி. 2 ஆக இருக்கலாம். வெண்புள்ளியே இல்லாத உங்கள் மருமகனின் சி.ஆர்.பி. 20 ஆக இருக்கலாம், பல்லில் சீழ் வைத்திருந்தால் போதும். சி.ஆர்.பி. என்பது ஈரல் செய்யும் ஒரு புரதம். 1930இல் நியூயோர்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் முதலில் கண்டார்கள். கிருமி வந்தால் சில மணித்தியாலங்களில் ஏறும், குணமானால் சில நாட்களில் இறங்கும். உடம்பு பருத்தவர்களுக்கும் சிகரெட் குடிப்பவர்களுக்கும் எப்போதும் கொஞ்சம் கூடவே இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையின் சி.ஆர்.பி.யையும் கொண்டுவந்து காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப அழற்சி இருக்குதா இல்லையா சேர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் தோலில். கடலில் திருக்கை முள் குத்தினால் கால் சிவந்து, வீங்கி, சுடுமே, அதுவும் அழற்சிதான். உடம்பின் காவல்படை அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. வெண்புள்ளியில் அந்தக் காவல்படை ஆள் மாறி அடிக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைச் செய்கிற கலங்களை, வெண்குழியங்களில் ஒரு வகை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. நிர்ப்பீடனத் தொகுதியின் குழப்பம் இது. அடிக்க வந்தவை தோலுக்குச் சொல்லி அனுப்ப, தோல் இரசாயனச் செய்தி விட்டு இன்னும் ஆட்களைக் கூப்பிடுகிறது, இப்படித்தான் பரவுகிறது. இந்தச் சண்டை நடப்பது தோலின் மேற்பகுதியில், ஒரு நகத்தின் தடிப்புக்குள். வீக்கமும் இல்லை, சூடும் இல்லை, பெரும்பாலும் சொறிவும் இல்லை. இரத்தத்தில் அதன் சத்தம் மெல்லியதாகத்தான் கேட்கும். ஆய்வாளர்கள் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்க முயல்வதில் தப்பே இல்லை. நோய் பரவுகிற நிலையில் இருக்கிறதா, மருந்து வேலை செய்கிறதா என்று ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் அறிய முடிந்தால் நல்லதுதானே. அதை இன்னும் யாரும் சாதிக்கவில்லை. வெண்புள்ளியைக் கண்டுபிடிக்க ஈ.எஸ்.ஆர். வேண்டாம், கண் போதும். கூடவே ஊதா வெளிச்சம் தரும் ஒரு விளக்கு.

இதில் "இரத்தம் அழுக்கு" எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அழுக்கே இல்லாததைச் சுத்தம் செய்யத்தான் மூன்று மாத மருந்து விற்கிறார்கள்.

இரத்தம் எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. தைரொயிட்டு. வெண்புள்ளி உள்ள நூறு பேரில் பதினைந்து பேர் அளவில் தைரொயிட்டுச் சுரப்பியிலும் கோளாறு காண்கிறார்கள், ஏனென்றால் அதே காவல்படை அங்கேயும் போய் அடிக்கிறது. களைப்பு, முடி உதிர்வு, உடம்பு போடுதல், மாதவிடாய்க் குழப்பம் என்று வந்து, அதையும் "வெண்புள்ளிதான் காரணம்" என்று விட்டுவிடுகிறார்கள். ரி.எஸ்.எச். என்று கேட்டு எடுங்கள். சீனியும் ஹீமோகுளோபினும் அதோடு பார்க்கலாம், டொக்டர் சொன்னால் பி12. தைரொயிட்டுக் குறைவுக்கு ஒரு சிறிய மாத்திரை போதும்.

இனி, சிலருக்குக் கசக்கும் விசயம். பதிவு எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு மௌலவி நண்பர், ஷாபிஈ மத்ஹபில் நிக்காஹ்வை முறிக்க இடம் தரும் குறைகளில் "பரஸ்" சொல்லப்பட்டிருக்கிறதே என்று நினைவூட்டினார். சொல்லப்பட்டிருக்கிறதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேசப்படுவது தெரியாமல் ஒப்பந்தம் செய்தவரின் உரிமை. தெரிந்துகொண்டு சம்மதித்தவருக்கு அந்த உரிமை இல்லை என்பதும் அதே கிதாபில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளை கையை மறைத்தா உட்கார்ந்திருந்தாள்? கண்ணால் பார்த்துச் சம்மதித்துவிட்டு, பிறகு இரத்தத்துக்குள் எண் தேடுவதற்கு எந்த இமாமிடம் ஆதாரம் வாங்குவது?

உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களை நாம் பயானில் கேட்கிறோம். உம்மாவுக்குச் செய்த பணிவிடையைச் சொல்வோம். அவருக்கும் பரஸ் இருந்தது, ஒரு திர்ஹம் அளவு இடம் தவிர மற்றது குணமானது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவரைக் கண்டால் உனக்காகப் பாவமன்னிப்புத் தேடச் சொல் என்று நபியவர்கள் (ஸல்) உமர் (ரலி) அவர்களிடம் சொன்னதும் அதே ஹதீஸில்தான். அந்தத் திர்ஹம் அளவு வெள்ளையை மட்டும் நாம் பயானில் விட்டுவிடுகிறோம்.

சொல்லிலும் ஒரு சிக்கல். நம் வீடுகளில் இருக்கும் குர்ஆன் தமிழாக்கங்களில் ஈஸா நபி (அலை) குணப்படுத்திய "அப்ரஸ்" என்பவரை "வெண்குஷ்டரோகி" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மொழிபெயர்த்தவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குஷ்டம் என்ற ஒரு சொல் நம் நாட்டில் எவ்வளவு பயத்தைச் சுமக்கிறது! ஹெந்தளையில் ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கிய வைத்தியசாலை, மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு, இரண்டும் மனிதரைப் பிரித்து வைத்த இடங்கள். வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொழுநோய் கிருமியால் வருவது. அதன் தேமல் பால் வெள்ளையாக இருக்காது, மங்கிய நிறமாகவோ சிவப்பாகவோ இருக்கும், தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். அதற்கும் இலவச மருந்து இருக்கிறது, முழுக்கக் குணமாகும். நாட்டில் இன்றும் வருடத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள், ஆகவே உணர்ச்சியில்லாத தேமல் கண்டால் தள்ளிப்போட வேண்டாம். வெண்புள்ளியில் உணர்ச்சி அப்படியே இருக்கும், தொட்டால் ஒட்டாது, ஒரே பீங்கானில் சாப்பிட்டால் ஒட்டாது. தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டவர்களே இயக்கமாகக் கேட்டு, "வெண்குஷ்டம்" என்று எழுதுவதை அரசாங்கத்தை விடவைத்து, "வெண்புள்ளிகள்" என்று மாற்றினார்கள். நாமும் அப்படியே சொல்வோமே.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. பூசும் கிறீம்கள் இருக்கின்றன, 311 நனோமீற்றர் அளவில் புற ஊதாக் கதிர் கொடுக்கும் ஒளிச்சிகிச்சை இருக்கிறது, 2022இல் அமெரிக்காவில் ருக்சோலிட்டினிப் என்ற கிறீமுக்கு வெண்புள்ளிக்கென்றே அனுமதி கிடைத்தது, விலை நமக்கு எட்டாதது. முகத்தில் நிறம் திரும்பக்கூடிய வாய்ப்பு அதிகம். விரல் நுனியில் குறைவு. மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். ஒளியும் மருந்தும் சேர்க்கும் யோசனை புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னுல் பைத்தார் ஒரு செடியின் விதையைக் கொடுத்து நோயாளியை வெயிலில் இருத்தியதை எழுதி வைத்தார். 1940களில் கெய்ரோவில் அதே செடியிலிருந்துதான் நவீன மருந்து எடுத்தார்கள். நம் நாட்டு மருந்தில் கார்போக அரிசியும் அதே வேலை செய்யும் சாமான்தான். அதனால்தான் பயப்படச் சொல்கிறேன். அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு மன்னார் வெயிலில் பத்து மணிக்கு நின்றால் தோல் கொப்புளமாக எழும்பும். அளவு தெரியாமல் வீட்டில் செய்யும் வேலை இல்லை இது. பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீமை மாதக் கணக்கில் முகத்தில் பூசுவதும் அப்படியே, தோல் கடதாசி போல மெலிந்துவிடும். ஸ்டீரொயிட் மாத்திரை என்றால் அது வெண்குழிய விகிதத்தையே ஏற்றிவிடும், பிறகு அந்த எண்ணுக்கும் ஒரு கதை கட்டுவோம்.

கடலுக்கும் உப்பளத்துக்கும் போகிறவர்கள் வெள்ளை விழுந்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், அந்த இடத்துக்கு வெயிலைத் தாங்கும் மெலனின் இல்லை. பிள்ளைகளுக்கு நீண்ட கைச்சட்டை போட அனுமதி வேண்டும் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் பிள்ளையை இருத்த வேண்டாம்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம், நான் இடம் மாற்ற மாட்டேன்.

தோல் கிளினிக் எந்தக் கிழமை என்று மன்னார் பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள். அங்கே சரிவராவிட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, பஸ் செலவு மட்டும்தான். இதுவரை பூசியது, குடித்தது எல்லாவற்றின் பெயரையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ரிப்போர்ட்களை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மீனைத் தொடக்கி வைக்க டொக்டரின் துண்டு தேவையில்லை, அதை இன்றைக்கே செய்யலாம்.